சைனிக் பள்ளிகள்: சீருடை யார் கையில்?

சைனிக் பள்ளி என்றதும் பெற்றோர் மனதில் எழும் சித்திரம் இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒழுங்கு, விடியற்காலைப் பயிற்சி, பிறகு தேசியப் பாதுகாப்பு அகாதமி, தோளில் நட்சத்திரம். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் விவசாயியின், கீழ்நிலை ஊழியரின் கனவை எள்ளி நகையாடுவது நம் வேலையல்ல. அந்தக் கனவுக்கு நியாயமான அடிப்படை இருந்தது.

1961இல் பாதுகாப்பு அமைச்சராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன் இப்பள்ளிகளைத் தொடங்கியதன் நோக்கமே, ராணுவ அதிகாரிகளின் வரிசையில் நிலவிய பிரதேச, வர்க்க ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான். மேட்டுக்குடிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கே திறந்திருந்த கதவைச் சாமானியருக்கும் திறக்க அரசு பொறுப்பேற்றது. சாத்தாராவில் தொடங்கி, மறு ஆண்டே அமராவதிநகர், கழக்கூட்டம் என அவை பரவின. நிலமும் கட்டடமும் மாநில அரசுகள் தந்தவை; தலைமையில் இருந்தவர்கள் பணியிலுள்ள ராணுவ அதிகாரிகள். கட்டணம் ஏறிக்கொண்டே போனது, மாணவியருக்கு அனைத்துப் பள்ளிகளிலும் இடம் கிடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்ற குறைகள் உண்டு. ஆயினும் அவை பொது நிறுவனங்கள்.

அடித்தளம் மாறியது 2021 அக்டோபரில். தனியார் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், மாநில அரசுகளுடன் 'கூட்டாக' 100 புதிய சைனிக் பள்ளிகளுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கட்டடமும் நிர்வாகமும் கூட்டாளியுடையவை. பெயரும் மதிப்பும் அரசுடையவை. வகுப்பில் பாதிப் பேருக்கு, கட்டணத்தில் பாதியை, ஆண்டுக்கு 40,000 ரூபாய் உச்சவரம்புடன் அரசு தரும். மீதியைப் பெற்றோர் கட்ட வேண்டும். மேனன் திறந்த கதவு, பணம் உள்ளவர் பக்கமாகவே மீண்டும் சாய்கிறது.

அந்தக் கூட்டாளிகள் யார்? 'ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' 2024 ஏப்ரலில் வெளியிட்ட புலனாய்வின்படி, அதுவரை கையெழுத்தான 40 ஒப்பந்தங்களில் சுமார் 62 சதவீதம் ஆர்எஸ்எஸ், பாஜக தலைவர்கள், அவர்தம் கூட்டாளிகளுடன் தொடர்புடைய பள்ளிகளுக்கே சென்றுள்ளன. அரசியல் சார்பு தேர்வைப் பாதிக்கவில்லை என்று அமைச்சகம் மறுத்தது. எனில், எந்த அளவுகோலில் இவை தேறின என்பதைப் பள்ளிவாரியாக நாடாளுமன்றத்தில் வைப்பதில் என்ன தயக்கம்?

பட்டியலில் நாக்பூர் போன்சலா ராணுவப் பள்ளியும் உண்டு. போன்சலா பள்ளிகளின் மூலவர் பி.எஸ். மூஞ்சே, 1931இல் ரோமில் முசோலினியைச் சந்தித்து, பாசிஸ்டுகளின் சிறுவர் பயிற்சி அமைப்புகளைக் கண்டு வியந்தவர். 1937இல் நாசிக்கில் முதல் பள்ளியைத் திறந்தவர். அந்த மரபுக்கு இன்று குடியரசின் முத்திரை கிடைத்திருக்கிறது. (இதைச் சுட்டுபவர்களுக்கு உடனே 'ராணுவ விரோதி' பட்டம் சூட்டப்படும், பழகிவிட்டது.)

இன்னொரு முரணையும் காண வேண்டும். சிப்பாயாகச் சேரும் ஏழை இளைஞனுக்கு 2022 முதல் அக்னிபத்: நான்காண்டுப் பணி, பிறகு நால்வரில் ஒருவருக்கு மட்டுமே தொடர்ச்சி, மற்றவருக்கு ஓய்வூதியமும் இல்லை. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வீதிக்கு வந்தவர்கள் இவர்கள்தாம். சீருடைமீது அவர்களுக்கிருந்த நம்பிக்கையை உடைத்த அதே அரசு, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு அச்சீருடையை அணிவிக்கும் பொறுப்பைத் தன் சொந்த முகாமிடம் ஒப்படைக்கிறது.

அந்த ஒப்பந்தங்களை ரத்து செய்து, புதிய பள்ளிகளை முழு அரசு நிதியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் நேரடி நிர்வாகத்தில் நடத்தக் கோருவோம். நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் அந்தப் பெற்றோரிடமிருந்தே இக்கோரிக்கையைத் தொடங்கலாம்.