கல்கிசையின் வாடகை ஓட்டோக்கள்: மாநகர சபையின் அனுமதி எதற்கு, எதற்கு அல்ல
நிலைப்பாட்டு அறிக்கை

தெஹிவளை-கல்கிசை மாநகர சபை எல்லைக்குள் வாடகைக்கு ஓடும் ஓட்டோக்களுக்கும் கார்களுக்கும் சபை தனியாக அனுமதிப்பத்திரம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் விடை: வாகனத்துக்கு வேண்டாம், தரிப்பிடத்துக்குக் கட்டாயம் வேண்டும். வாகனம், சாரதி, கட்டணம் ஆகிய மூன்றும் மேல் மாகாணத்தின் ஒரே பதிவில் இருக்க வேண்டும். ஓட்டோ எங்கே நிற்கலாம், எத்தனை நிற்கலாம், நிற்கும் உரிமை யாருக்கு என்பதை மாநகர சபை எல்லோருக்கும் தெரியத் தீர்மானிக்க வேண்டும்.

இலங்கையில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவற்றைப் பதிவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகம் வழங்குகிறது. அந்தக் கட்டணம் மாகாணத்துக்குச் சேர்கிறது. மாகாணத்துக்குள் நடக்கும் பயணிகள் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பையும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்கே கொடுத்தது. மேல் மாகாணத்தில் அதைச் செய்வது வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. நான்காவதாக மாநகர சபையும் ஓர் அட்டை கொடுத்தால், சாரதி ஏறி இறங்க வேண்டிய படிகள் கூடும்; பயணிக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கூடாது.

காலி வீதியில் கல்கிசையிலிருந்து வடக்கே போனால் தெஹிவளை தாண்டியதும் வெள்ளவத்தை. அது கொழும்பு மாநகர சபைக்கு உரியது. தெற்கே இரத்மலானை தாண்டினால் மொறட்டுவை மாநகர சபை. வெள்ளவத்தையில் சாமான் வாங்கித் திரும்பும் குடும்பமும் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டுக்குப் போகிறவரும் ஒரே ஹயரில் சபை எல்லையைக் கடக்கிறார்கள். எல்லைக்கு எல்லை அனுமதி மாறினால், திரும்பும் வழியில் ஆள் ஏற்ற முடியாத ஓட்டோ வெறுமையாக வரும். அந்தச் செலவையும் பயணியே சுமப்பார்.

இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே வாடகைக் கார் அனுமதி உள்ளூர்ச் சபைகளின் கையில் இருக்கிறது. 1847ஆம் ஆண்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றும் அதற்கு அடிப்படை. விதிகளும் கட்டணமும் சபைக்குச் சபை வேறுபடுவதால், சாரதிகள் இலகுவான சபையில் அனுமதி பெற்று வேறு நகரங்களில் ஓடுகிறார்கள். வுல்வர்ஹாம்ப்டன் சபையின் அனுமதியுடன் அந்த நகரத்துக்கு வெளியே ஓடும் கார்கள் அங்கே தீராத விவாதம். ஒரு சபை நிராகரித்தவரை மற்றொரு சபை தெரியாமல் ஏற்றுக்கொள்ளாமலிருக்க, தகவலைப் பகிரும்படி கட்டாயப்படுத்த 2022இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சிக்கலைக் கொழும்பு மாவட்டம் புதிதாக வரவழைக்கத் தேவையில்லை.

ஆனால் தரிப்பிடம் முற்றிலும் உள்ளூர் விடயம். கல்கிசைச் சந்தி, ஹோட்டல் வீதி, புகையிரத நிலைய வாசல், களுபோவில வைத்தியசாலைச் சுற்றுவட்டாரம் ஆகிய இடங்களில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது நரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. இன்று நாட்டின் பல தரிப்பிடங்களில் யார் நிற்கலாம் என்பதை முன்பே நிற்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். புதியவர் உள்ளே வரப் பணம் கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. பொது வீதியின் ஒரு துண்டு இப்படித் தனியார் சொத்தாகிவிடுகிறது. தென்கரையின் சுற்றுலா ஊர்களில் செயலி மூலம் அழைக்கப்பட்ட சாரதிகள் தடுக்கப்படுவதற்கும் வேர் இதுதான். பொதியோடும் பிள்ளைகளோடும் நிற்கும் பயணி, அழைத்த வண்டியில் ஏற அடுத்த தெரு வரை நடக்க நேர்வதை எந்தச் சபையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

தரிப்பிடச் சாரதிகளைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதும் நியாயமல்ல. நள்ளிரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அயலவர் தட்டுவது அவர்களுடைய கதவைத்தான். பலர் லீசிங் தவணையோடு வாழ்கிறார்கள். ஆகவே இப்போது நிற்பவர்களுக்கே பதிவில் முதல் உரிமை கொடுக்க வேண்டும். அந்த உரிமை சாரதியின் பெயரில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாததாக இருக்க வேண்டும். இடம் காலியானால் காத்திருப்போர் பட்டியலின் வரிசைப்படி நிரப்ப வேண்டும். பட்டியல் சபை அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தால், பணம் வாங்கி இடம் கொடுக்கும் வழக்கத்துக்கு இடமில்லாமல் போகும். செயலி வண்டிகள் ஆள் ஏற்றி இறக்க ஒவ்வொரு தரிப்பிடத்தின் அருகிலும் தனிக் கோடு போட வேண்டும். காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருப்பதால், அங்கே அந்த அதிகார சபையின் இணக்கமும் பொலிஸாரின் ஒத்துழைப்பும் வேண்டும்; சபைக்குச் சொந்தமான குறுக்கு வீதிகளில் உடனே தொடங்கலாம்.

மாகாணப் பதிவு ஏட்டளவில் நின்றுவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் 2022இல் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்து, மேல் மாகாணத்தில் பதிந்த வாடகை ஓட்டோக்களுக்கு ஒதுக்கீடு கூட்டப்பட்டபோது சாரதிகள் பதிய வந்தார்கள். கைக்குப் பயன் தெரிந்தால் பதிவு நடக்கும். மாகாணப் பதிவும் முத்திரையிட்ட மீற்றரும் உள்ளவருக்கே தரிப்பிட உரிமை என்று மாநகர சபை விதித்தால், மாகாணத்தின் விதிக்கு வீதியில் உயிர் வரும்.

மீற்றரை வலியுறுத்துகிறவர்கள் கட்டணத்தையும் நியாயமாக வைக்க வேண்டும். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர், 2022 ஜூனில் 470 ரூபாவுக்கு ஏறியது. விலை அப்படி மாறும் நாட்டில் ஒருமுறை நிர்ணயித்த கட்டணம் நிலைக்காது. சென்னையில் 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 இந்திய ரூபா, பிறகு கிலோமீற்றருக்கு 12 இந்திய ரூபா என்று அரசு நிர்ணயித்தது; பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அது திருத்தப்படவில்லை, மீற்றரும் செயலிழந்தது. மேல் மாகாணக் கட்டணத்தை எரிபொருள் விலையோடு இணைத்து, குறித்த கால இடைவெளியில் திருத்தி அறிவிக்க வேண்டும்.

மாநகர சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், தரிப்பிடத் துணைவிதியை அவர்கள் நிறைவேற்றலாம். தரிப்பிடக் கட்டணம் பலகைக்கும் கோட்டுக்கும் நிழற்கூரைக்கும் ஆகும் செலவை மிஞ்சாமல், சபையின் வருமான வழியாக மாறாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு தரிப்பிடப் பலகையிலும் நடப்புக் கட்டணம், பதிவான வண்டிகளின் இலக்கங்கள், முறைப்பாட்டுத் தொலைபேசி எண் ஆகியவை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதப்பட வேண்டும்.