மறுவாழ்வு மையத்தில் இருந்து வீடு திரும்பும் வாலிபர்கள் சாவது ஏன்? தாய் கையில் மருந்து கொடுத்து அனுப்பினால் உயிர் பிழைக்கலாம்

"போதை மறுவாழ்வு மையத்தில் இருந்து வீடு திரும்பிய வாலிபர் மர்ம சாவு. போலீசார் விசாரணை." இப்படி ஒரு செய்தி வந்தால் 4 வரி படித்துவிட்டு அடுத்த செய்திக்கு போய் விடுகிறோம். "எங்க திருந்தப் போறான், மறுபடியும் போட்டிருப்பான், போய்ட்டான்" என்று டீக்கடையில் தீர்ப்பும் சொல்லி விடுகிறோம்.

ஆனால் இந்த சாவில் பல நேரம் மர்மம் எதுவும் இல்லை. சில வாரம் போதையை விட்டு இருந்ததே ஆபத்தாக மாறி விடுகிறது.

தாங்கும் சக்தி போய்விடும்

ஹெராயின், வலி நிவாரண மாத்திரையை கரைத்து ஊசி போடுவது எல்லாம் அபின் வகை போதை. தினமும் போடுகிறவன் உடம்பு அதற்கு பழகி விடும். மையத்தில் சில வாரம் போடாமல் இருந்தால் அந்த தாங்கும் சக்தி போய்விடும். ஆசை மட்டும் போகாது.

வீட்டுக்கு வருகிறான். பழைய கூட்டாளி கூப்பிடுகிறான். "ஒரே ஒரு தடவைடா" என்று பழைய அளவையே போடுகிறான். மூச்சு விடச் சொல்லும் மூளை மந்தமாகி விடுகிறது. மூச்சு நின்று உயிர் போகிறது.

லண்டனில் சிகிச்சை பெற்ற 137 பேரை டாக்டர்கள் ஓராண்டு கவனித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிக போதை ஏறி இறந்தது 3 பேர். 3 பேருமே சிகிச்சையை முழுசாக முடித்து, தாங்கும் சக்தியை இழந்தவர்கள். வெளியே வந்த 4 மாதத்துக்குள் இறந்து விட்டார்கள்.

உயிர் காக்கும் நலாக்சோன்

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. பெயர் நலாக்சோன். மூளையில் போதை ஒட்டிக்கொண்ட இடத்தில் இருந்து அதை தள்ளிவிட்டு மூச்சை திரும்ப கொண்டு வரும். ஊசியாகவும் இருக்கிறது, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் இருக்கிறது. சில நிமிடங்களில் வேலை செய்யும். உடம்பில் அபின் வகை போதை இல்லாதவருக்கு தவறி கொடுத்தாலும் கெடுதல் இல்லை. சாராயம், கஞ்சா, தூக்க மாத்திரை போதைக்கு இது கேட்காது.

மயங்கி கிடப்பவன் தனக்குத்தானே இதை போட்டுக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கும் தாயோ, மனைவியோ, நண்பனோதான் போட வேண்டும். அதனால் இவர்கள் கையில் மருந்து இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது.

ஸ்காட்லாந்து நாட்டில் 2011 முதல் ஜெயிலில் இருந்து விடுதலை ஆகிறவர்களுக்கு இதை கொடுத்து அனுப்புகிறார்கள். அதற்கு முன்பு அங்கு அபின் வகை போதையால் இறந்தவர்களில் 9.8 சதவீதம் பேர், ஜெயிலை விட்டு வந்து 4 வாரத்துக்குள் இறந்தவர்கள். 2011-13ல் இது 6.3 சதவீதமாக குறைந்தது. அமெரிக்காவில் 2023 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே மூக்கு ஸ்பிரே வாங்கலாம்.

நம்ம ஊரில் என்ன நிலை?

நமக்கும் நலாக்சோன் புதுசு இல்லை. ஆஸ்பத்திரி அவசர சிகிச்சை பிரிவில் டாக்டர்கள் போடும் ஊசிதான். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும் மகனை அழைத்துப்போக வரும் தாயிடம் கொடுத்து, "அம்மா, இப்படி ஆச்சுன்னா இதை போடுங்க" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் பரவலாக இல்லை.

"மருந்து இருக்குன்னு தைரியமா போடுவானே?" என்று சிலர் கேட்கலாம். நலாக்சோன் போதை தராது. போட்டதும் வாந்தி, நடுக்கம், உடம்பு வலி வந்து துடித்துப்போவான். இதை நம்பி யாரும் போதைக்கு போக மாட்டான். இது போதையை மறக்கடிக்கும் மருந்தும் இல்லை. இன்னொரு தடவை திருந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறட்டை என்று நினைக்காதீர்கள்

பல வீடுகளில் "நல்லா குறட்டை விட்டு தூங்குறான், தூங்கட்டும்" என்று விட்டு விடுகிறார்கள். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, கண் பாவை ஊசிமுனை போல சுருங்கி இருக்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறது, மூச்சு விட்டு விட்டு கரகரவென்று வருகிறது என்றால் அது தூக்கம் இல்லை.

உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ஒருக்களித்து படுக்க வையுங்கள். போதை இறங்கட்டும் என்று மோர், எலுமிச்சை சாறு வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி விடும். நலாக்சோன் போட்டு எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போகத்தான் வேண்டும். அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மருந்து வேகம் குறைந்து மறுபடியும் மூச்சு நிற்கலாம்.

மகனை மையத்தில் இருந்து அழைத்து வரும் பெற்றோர், கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டுல வச்சுக்க நலாக்சோன் கிடைக்குமா சார்?" நிறைய பேர் கேட்டால் கொடுக்கும் வழக்கமும் வரும். அரசும் மறுவாழ்வு மையங்களும் டிஸ்சார்ஜ் சீட்டோடு இந்த மருந்தையும் கொடுத்து அனுப்பினால், 4 வரி சாவு செய்திகள் குறையும்.