ஆடும் கால்களுக்கு அரங்கு எங்கே?

சித்திரைத் திங்களில் கோலியனூர்க் கூட்டுச்சாலையில் நின்று பாருங்கள். புதுவைப் பக்கமிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் திருநங்கையர் கூவாகம் நோக்கிச் செல்வர். கூத்தாண்டவர்க்கு ஓரிரவு மணப்பெண்களாய் நின்று, மறுநாள் தாலியறுத்து அழுது திரும்புவர். அவர்தம் ஆடலைக் கண்டு கைதட்டும் நம் மக்களே, விழா முடிந்ததும் அவர்களைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர். ஆட்டம் வேண்டும்; ஆடுவோர் வேண்டா! இஃது எந்த ஊர் அறம்?

இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் மதுரையில் பிறந்த நர்த்தகி நடராசு. சிறு அகவையில் திரைப்படங்களில் வைசயந்திமாலாவின் ஆடலைக் கண்டு, அதுபோல் தாமும் ஆடிப் பார்த்த பிள்ளை அவர். உள்ளத்தால் பெண், ஊரார் கண்ணுக்கு ஆண். பிறந்த வீடும் அவரைத் தாங்கவில்லை. தோழி சக்தியுடன் வெளியேறியவர், வைசயந்திமாலாவுக்கு ஆடல் பயிற்றிய ஆசானையே தேடித் தஞ்சை சென்றார். அவ்வாசான் கே.பி. கிட்டப்பா பிள்ளை (1913–1999). சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு எனும் தஞ்சை நால்வரின் வழிவந்தவர்.

கதவு உடனே திறக்கவில்லை. காத்திருந்தனர். திறந்தபின், ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆசானுடனிருந்தே கற்றனர். நர்த்தகி என்னும் பெயரும் ஆசான் இட்டதே. பெயர் வடசொல், ஆயின் அவர் அரங்கில் ஏற்றியதோ கழக இலக்கியமும் திருமுறையும் பாசுரமும்! தூய தமிழ்ப் பெயர் தாங்கிக்கொண்டு, பொருள் விளங்காப் பிறமொழிப் பாட்டுக்கு ஆடுவோரினும் இவர் நமக்கு நெருங்கியவர் அல்லரோ?

2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது அவரை அடைந்தது. 2019இல் தாமரைத்திரு (பத்மசிறீ) விருது பெற்று, அதனைப் பெற்ற முதல் திருநங்கையானார். 2021இல் தமிழக அரசின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் உறுப்பினராய் அமர்த்தப்பெற்றார்.

இப்புகழ் கண்டு மகிழ்வோம். ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிடுதல் குற்றம். வீட்டை விட்டு வெளியேறிய பிள்ளைகளுள் எத்தனை பேர்க்கு ஒரு கிட்டப்பா பிள்ளை வாய்த்தார்? ஒருவர் ஏறிய மலையைக் காட்டி, வழியிற் சரிந்தோரை மறப்பது நேர்மையன்று.

சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் புரட்டுங்கள். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னீராண்டில் அரங்கேறினாள். ஆடலாசான், இசையாசான், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் தகுதி வகுத்திருந்தனர். அரங்கிற்கும் அளவு உண்டு: எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். ஆடி முடித்தவளுக்குச் சோழன் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் ஈந்தான். குழந்தையின் ஆர்வம் வாழ்க்கைத் தொழிலாக முதிர்வதற்குரிய வழி முழுவதையும் தமிழன் அன்றே அமைத்திருந்தான். குறை ஒன்றே: அவ்வழி, கணிகையர் குடியில் பிறந்தவளுக்கே திறந்திருந்தது.

அவ்வழியை மீண்டும் அமைப்போம். பிறப்பு என்னும் பூட்டை மட்டும் உடைத்தெறிவோம். விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி உண்டு. அங்குப் பரதமும் தேவாரமும் தவிலும் கற்பிக்கின்றனர். கோலியனூர்த் தெருவில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கைப்பிடித்து அங்கு அழைத்துச் செல்ல யார் முன்வருவார்? நம் ஊர்த் திருவிழாக்களில் தமிழ்ப்பாட்டுக்கு ஆடுவோர்க்கு மேடையும் உரிய ஊதியமும் தர யார் துணிவார்?

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை ஆடினால் அடிக்காதீர்கள். அது யாராகப் பிறந்தது என்று கேளாதீர்கள். என்ன ஆடுகிறது என்று பாருங்கள். கதவை அடைத்துவிட்டுக் கலை அழிகிறதென்று ஓலமிடுவதில் பொருளில்லை. கதவைத் திறப்போம், தமிழ் ஆடும்!