உத்தரவின் தயவும் சட்டத்தின் உரிமையும்

தன் எல்லைக்குள் யார் வரலாம், யார் தங்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு. அதை மறுப்பார் இல்லை. அந்த உரிமை, மக்களின் பிரதிநிதிகள் கூடி இயற்றும் சட்டத்தின் வழியே செலுத்தப்பட வேண்டுமா, நிர்வாகத் தலைவர் ஒருவர் கையொப்பமிடும் உத்தரவின் வழியே நடந்துவிடலாமா என்பதில்தான் விவாதம் இருக்கிறது. அமெரிக்காவில் கட்சி பேதமின்றி ஜனாதிபதிகள் இரண்டாவது வழியை நாடி வந்திருக்கிறார்கள். கருணையினால் திறக்கப்பட்டாலும் கடுமையினால் திறக்கப்பட்டாலும், அந்த வழி முடிவில் எளியவர்களையே அலைக்கழிக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கருணையின் வரலாற்றை முதலில் பார்ப்போம். சிறு பிராயத்தில் பெற்றோரால் அழைத்து வரப்பட்டு, அமெரிக்கப் பள்ளிகளில் படித்து வளர்ந்து, ஆயினும் அங்கே தங்குவதற்கு எந்தப் பத்திரமும் இல்லாதிருக்கும் இளைஞர்களுக்கு வழி செய்யும் மசோதா 2001-ஆம் ஆண்டிலேயே காங்கிரஸில் வைக்கப்பட்டது. 2010 டிசம்பரில் அது பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் 55 பேரின் ஆதரவைப் பெற்றும், விவாதத்தை முடிப்பதற்கு வேண்டிய 60 வாக்குகள் கிட்டாமையால் வீழ்ந்தது. காங்கிரஸ் செய்யாததைத் தானே செய்யத் துணிந்த ஒபாமா நிர்வாகம், 16 வயதுக்கு முன் வந்து, ஐந்தாண்டுகளேனும் தொடர்ந்து வசித்து, 31 வயது நிரம்பாதிருந்த இளைஞர்களை நாடு கடத்துவதை ஒத்திவைப்பதாக 2012 ஜூன் 15 அன்று அறிவித்து, அவர்கள் வேலை செய்யவும் அனுமதி அளித்தது.

லட்சக்கணக்கானோர் பயன் பெற்றார்கள் என்பது உண்மை. அந்தப் பயன் எத்தகையது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே ஆண்டுகள் செல்லும் ஓர் அட்டை. பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், அட்டையில் அச்சிட்ட தேதி முடிவதற்கு நான்கைந்து மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பம் அனுப்பி, கட்டணம் செலுத்தி, புதிய அட்டை தபாலில் வரும்வரை காத்திருக்கிறாள். அது தாமதித்தால் வகுப்புக்குப் போகும் உரிமை அவளுக்கு இல்லை. 2017 செப்டம்பரில் அடுத்த ஜனாதிபதியின் நிர்வாகம் அந்த ஏற்பாட்டையே ரத்து செய்தது. 2020 ஜூனில் சுப்ரீம் கோர்ட், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ரத்தை நிராகரித்தது. ஆனால் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், ரத்து செய்யும் அதிகாரமே நிர்வாகத்துக்கு இல்லை என்று சொல்லவில்லை. ரத்து செய்ததற்குரிய காரணங்கள் முறையாக ஆராயப்படவில்லை என்றுதான் சொன்னார். சுமார் ஏழு லட்சம் பேரின் வாழ்வு இப்படி ஒரு நூலிழையில் தப்பியது. ஓர் உத்தரவால் வந்தது இன்னோர் உத்தரவால் போகக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடுமையின் வரலாறும் அதே பாதையில்தான் நடந்தது. அந்நியரின் வருகை தேசத்தின் நலனுக்குக் கேடு என்று ஜனாதிபதி கருதினால், எந்த வகுப்பினரின் பிரவேசத்தையும் பிரகடனத்தின் மூலம் நிறுத்தி வைக்கலாம் என்று 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் ஷரத்து ஒன்று சொல்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பல நாடுகளின் மக்களைத் தடுத்த பிரகடனத்தை, 2018-இல் அதே ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, இந்த ஷரத்தைக் காட்டியே அங்கீகரித்தது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து எச்-1பி விசாவில் புதிதாக அழைக்கப்படும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற பிரகடனமும் இதே ஷரத்தின் மீதுதான் நின்றது. சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ குடும்பங்களின் திட்டங்கள் ஓர் இரவில் குலைந்தன.

ஆயினும், ஜனாதிபதியின் கை எட்டாத எல்லை ஒன்று உண்டு. 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க், சீனா சென்று 1895-இல் திரும்பியபோது, அவர் பிரஜை அல்லர் என்று சுங்க அதிகாரிகள் தடுத்து, துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலேயே மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். சீனர்களை விலக்கும் சட்டம் அமலிலிருந்து, துவேஷம் உச்சத்திலிருந்த அந்தக் காலத்தில்தான், 1898-இல் சுப்ரீம் கோர்ட், அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தத்தின்படி அமெரிக்க மண்ணில் பிறந்த அவர் பிரஜையே என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 20 அன்று, சட்டவிரோதமாகத் தங்கியிருப்போருக்கும் தற்காலிக விசாவில் இருப்போருக்கும் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று புதிய உத்தரவு பிறந்தபோது, மூன்றே நாளில் சியாட்டிலில் ஒரு நீதிபதி அதற்குத் தடை விதித்ததும் அந்தத் திருத்தத்தின் பலத்தினால்தான்.

காங்கிரஸ் முடங்கிக் கிடக்கும்போது ஜனாதிபதியும் கைகட்டி நிற்க வேண்டுமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பத்திரமின்றி வாழும் நாட்டில், யாரை முதலில் நாடு கடத்துவது, யாரை விட்டு வைப்பது என்று முடிவு செய்யாமல் எந்த நிர்வாகமும் இயங்க முடியாது. அந்த விவேகத்தை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தை அமல் நடத்துவதில் விவேகம் காட்டுவது வேறு, சட்டத்தைப் புதிதாகச் சிருஷ்டிப்பது வேறு. நமக்குப் பிடித்த ஜனாதிபதி அந்தக் கோட்டைத் தாண்டும்போது கைதட்டிவிட்டு, பிடிக்காத ஒருவர் தாண்டும்போது மட்டும் அரசியல் சாசனத்தை நினைவுகூர்வது நேர்மையாகாது.

ஆகவே காங்கிரஸ் தன் கடமையைச் செய்ய வேண்டும். சிறு வயதில் வந்த இளைஞர்களுக்கும், முறையான விசாவில் பெற்றோருடன் வந்தும் 21 வயதில் அந்த அந்தஸ்தை இழக்கும் இந்தியக் குழந்தைகளுக்கும் நிலையான உரிமையைச் சட்டமாக எழுத வேண்டும். 1952-ஆம் ஆண்டு ஷரத்துக்குக் கால வரம்பு விதித்து, அதன் கீழ் பிறக்கும் ஒவ்வொரு பிரகடனத்துக்கும் காரணம் கேட்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்சி மாறினாலும் மாறாத பாதுகாப்பே உரிமை எனப்படும். அதை அளிக்கவல்லது சட்டம் ஒன்றே.