பாத்தியில் நாட்டும் பெயர்த்தடி

வீட்டுத்தோட்டத்திலே 'கத்தரி' என்றெழுதி நாட்டுவதால் யாருக்கு என்ன பயன்? கத்தரியைக் குழந்தையும் அறியும். எழுத வேண்டியவை இனத்தின் பெயரும் விதைத்த தேதியுமே. மகாஇலுப்பள்ளமையில் உருவான எம்.ஐ.2 மிளகாய் நாற்றையும் வேறோர் இனத்து நாற்றையும் நாற்றுமேடையில் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. பெயர் மாறினால், அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கும் விதையும் மாறிவிடும்.

திருகோணமலையின் மாரிமழைக்குக் கடதாசி நில்லாது. கடற்காற்றுக்குத் தகரம் துருவேறும். காய்ந்த பனைமட்டையைச் சீவி, அடியைக் கூராக்கி, வெள்ளை எனாமலை இருமுறை பூசி, நன்கு உலர்ந்தபின் கறுப்பு வர்ணத்தால் எழுதுக. மறுபுறத்துப் பூச்சை மணலாற் சிறிது உரசிவிட்டால் பென்சில் பிடிக்கும். அவ்வெழுத்து மழையிற் கரையாது. பீடைநாசினி தெளித்த நாளை அங்கே குறித்தல் வேண்டும். போத்தலின் சுட்டுத்துண்டு விதித்த நாட்கள் கழியுமுன் கறிக்குக் காய் பறிக்க வருபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. தெளித்தவரோ அவ்வேளை வயலில் நிற்பார்.