தாணிப்பாறை கேட் மூடியிருந்தால் கோபப்படாதீர்கள்

போன ஐப்பசியில் என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையிலிருந்து மூன்று நண்பர்களோடு வந்து இறங்கினான். ஆளுக்கொரு முதுகுப் பை, அதில் ஒன்றில் மடக்கிவைத்த கூடாரம். சதுரகிரி ஏறி, ஓடைக்கரையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதாகத் திட்டம்.

"ராத்திரி தங்க விடமாட்டாங்கப்பா" என்றேன்.

"கேட்டுப் பார்க்கிறோம் தாத்தா" என்று விடியற்காலையிலேயே கிளம்பிப் போனார்கள். எட்டரை மணிக்கெல்லாம் தொங்கிய முகத்தோடு திரும்பிவிட்டார்கள். மழை எச்சரிக்கை என்று வனத்துறை கேட்டை மூடிவிட்டதாம். "வானம் கண்ணாடி மாதிரி இருக்கு தாத்தா, இதுக்குப் போய் மூடுறாங்க" என்று பேரனுக்கு ஒரே ஆத்திரம். உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை.

ஆனாலும் மூடியது சரி என்பதுதான் என் கட்சி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரைச் சாலையில் உலாவக் கூட்டிப் போவார்கள். அதற்கு 'புரொம்னாத்' என்று பெயர். கடல் கோபித்தால் கரையில் நிற்கிற குழந்தைக்கும் தெரியும். மலை ஓடை அப்படியில்லை என்பதை, வத்திராயிருப்பில் பெண் எடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணமான மறு வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு என் மனைவியின் சித்தப்பாவோடு மகாலிங்கத்தைப் பார்க்க மலை ஏறினேன். இறங்கும்போது பிற்பகல், நல்ல வெயில். மாங்கனி ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். நான் கால் வைக்கப் போனேன். "நில்லுங்க மாப்பிள்ளை, தண்ணி கலங்குது" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கால்மணி நேரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளம். மூன்று மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தலைக்கு மேல் ஒரு தூறல்கூட இல்லை. மழை பெய்தது மேலே, எங்கேயோ. ஓடைக்கு அது போதும்.

எல்லோருக்கும் அப்படி ஒரு மாமா கூட வருவதில்லை. 2015 மே மாதம் அமாவாசைக்குப் போனவர்களைக் காட்டாற்று வெள்ளம் அடித்துப் போனது நம் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. கோடை மாதம்தானே என்று போனவர்கள் அவர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். மலைக்குத் தண்ணீரும் ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். இரண்டும் சொல்லிவிட்டு வருவதில்லை.

அரசாங்க ஆபீசில் எழுத்தராகக் காலம் தள்ளியவன் நான். ஒரு தடை உத்தரவைப் பார்த்தால் அதன் பழைய ஃபைலைத் தேடுவது என் வழக்கம். அநேகமாக அடியில் ஒரு சாவு இருக்கும். பத்து நாள் மூடி, ஒன்பது நாள் மழை பெய்யாமல் போனால் நமக்கு நஷ்டம் ஒன்பது பயணம். பத்தாவது நாள் திறந்திருந்தால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி தங்கும் ஆசைக்கும் இதே பதில்தான். 2021 முதல் இது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இருட்டிய பிறகு அந்த வழி நமக்குரியது அல்ல.

ஆனால் வனத்துறையிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவருக்குக் கேட்டின் முன்னால்தான் சேதி தெரிகிறது. கிருஷ்ணன்கோவில் விலக்கிலும் நம் பஸ் ஸ்டாண்டிலும் தினமும் காலையில் ஒரு கரும்பலகையில் "இன்று உண்டு, இன்று இல்லை" என்று எழுதிவைத்தால் என்ன? அதற்குக் கீழேயே, கலங்கிய தண்ணீரைக் கண்டால் ஓடையில் இறங்காதே என்றும் இரண்டு வரி எழுதலாம். ஒரு டப்பா சாக்பீஸ் செலவு.

கேட் மூடிய நாளிலும் பொழுது வீணாகாது. பேரன் கூட்டத்தை நான் பிளவக்கல் அணைக்குக் கூட்டிப் போனேன். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். பின்னால் மலை சுவர்போல நிற்கும். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைத் தரிசித்து, பால்கோவா வாங்கி, செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில் தென்படுகிறதா என்று அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் தென்படவில்லை, கழுத்து வலிதான் மிச்சம். ராஜபாளையத்து அய்யனார் கோவில் ஆற்றுக்கும் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். மலையில் மழை எச்சரிக்கை என்றால் அந்த ஆற்றுக்கும் அதே விதிதான்.

கூடாரம் வீணாகக் கூடாது என்று எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கட்டிப் படுத்தார்கள். விடிந்ததும் பார்த்தால் மேற்கே மலை முழுக்க மேகம். "தை மாசம் வாங்கப்பா, பார்த்துக்கலாம்" என்றேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.