பார்த்தால் மட்டும் போதுமா?

"எந்நேரமும் கம்ப்யூட்டரில் என்ன பொம்மைப் படம்?" என்று வீட்டில் திட்டு வாங்குகிறீர்களா? பார்த்துக்கொண்டே இருந்தால் திட்டுவது நியாயம்தான். படம் செய்து பழகினால் திட்டக் கூடாது என்பது என் கருத்து.

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. அதன் ரசிகர், பின்லாந்து நாட்டின் சாமுலி டோர்சோனென். பள்ளி மாணவராக இருந்தபோதே, 1992-ல், அத்தொடரைக் கேலி செய்து ஒரு குட்டி அனிமேஷன் படம் செய்தார். விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்! அதோடு அவர் நிற்கவில்லை. பிறகு நண்பர்களோடு 7 ஆண்டுகள் உழைத்து, 2005-ல் 'ஸ்டார் ரெக்' என்ற முழுநீளப் படத்தை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். அதன் விண்கலங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உருவானவை. அடுத்து, 2012-ல் அந்தக் குழுவினரின் சொந்தக் கதையே திரையரங்குக்கு வந்தது.

காப்பியடிப்பது தவறில்லையா? நம் மேல்விஷாரத்தில் ஷூ தைக்கப் பழகுகிறவர், முதலில் மாதிரியைப் பார்த்துத்தான் தைப்பார். கை பழகியபின் புது டிசைன் போடுவார். மாதிரியோடு நின்றுவிடுவதுதான் தவறு.

கம்ப்யூட்டர் இல்லையா? பழைய நோட்டின் மூலையில், பக்கத்துக்குப் பக்கம் சற்றே நகர்த்தி ராக்கெட் வரையுங்கள். சரசரவெனப் புரட்டினால் பறக்கும். அதுவும் அனிமேஷன்தான்!

பாலாற்றுக்கு மேலே உங்கள் ராக்கெட் எப்போது பறக்கும்?

- ஓய்வு பெற்ற ஆசிரியர், மேல்விஷாரம்.